7318-ஆம் படத்துக்கு ரா இல்லை

ரேஷன் கடையில் எடை போடும் சுப்புக்குட்டியின் மகள் கல்யாணத்தில்தான் முதல் முதுகு வந்தது. அதற்கு முன்னால் வெம்பக்குளத்தில் கல்யாணம் நடக்காமலா இருந்தது, போட்டோ எடுக்காமலா இருந்தார்கள், எல்லாம் நடந்தது, ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகமும் முதுகு இருக்க வேண்டிய இடத்தில் முதுகும் ஒழுங்காக இருந்தன. அந்த ஆவணி முகூர்த்தத்தில் எடுத்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், மணமேடைப் படம் ஒன்றின் ரா ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, முன்கடையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏட்டி பிலோ, மாப்பிள்ளை முதுகையா எடுத்து வச்சிருக்க? சுப்புக்குட்டி அண்ணாச்சி என்னையில்லா வைவாரு!"

இரட்டைப்புறா ஸ்டுடியோ இந்த இரண்டு பெண்களுடையது. படம் எடுப்பவள் பிலோமினா, எடுத்ததைப் பிரித்து, பேர் போட்டு, பத்திரப்படுத்துகிறவள் தங்கபுஷ்பம். மணப்பெண் அலங்கார அறைக்கும் சடங்கான பிள்ளையின் மஞ்சள் நீராட்டுக்கும் ஆம்பளை காமிராக்காரன் வந்து நிற்பதைப் பொறுக்காத ஊர் என்பதால், சுற்றுப்பட்டு இருபது கிராமத்துக்கும் இவர்கள்தான். பிலோமினா ஒருமுறை பொத்தானை அமுக்கினால் காமிரா ஒரே நம்பரில் இரண்டு ஃபைல் எழுதும், ஒன்று ரா, இன்னொன்று ஜேபெக். ரா என்றால் அரிசி, ஜேபெக் என்றால் சோறு, அவ்வளவுதான், என்று தங்கபுஷ்பம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வாள். காமிரா கண்ணால் கண்டதை அப்படியே அள்ளி வைத்தது ரா, அதைத் தானே வேகவைத்து, நிறம் கூட்டி, நாலு பேர் பார்க்கிற மாதிரி பரிமாறுவது ஜேபெக். அரிசி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பொங்கிக்கொள்ளலாம், சோற்றைத் திரும்ப அரிசியாக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது.

பிலோமினா வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஜேபெக்கில் மாப்பிள்ளை முப்பத்திரண்டு பல்லும் தெரிய நேராக நின்றான். அதே நம்பர் ராவில் பெண் நேராக நிற்கிறாள், பெண்ணைப் பெற்றவர்கள் நேராக நிற்கிறார்கள், மாப்பிள்ளை மட்டும் பட்டுச் சட்டை முதுகில் வேர்வை ஈரம் தெரியத் திரும்பி நின்றான். "காமிராவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு பிலோமினா டீ வாங்கப் போனாள். ஒன்பதாம் நாள் அந்த மாப்பிள்ளை திருப்பூருக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினான், அங்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, வரவே இல்லை.

அதற்கப்புறம் அடுத்த முகூர்த்தத்தில் ஒரு மைத்துனன் திரும்பி நின்றான், காதுகுத்தில் ஒரு சித்தி திரும்பி நின்றாள், கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போதே பங்காளி திரும்பி நின்றான். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் மனசுக்குள் அவரைக் கைவிட்டவர் எவரோ, அவர் ராவில் முதுகு காட்டுவார், இதுதான் விஷயம் என்று நாலைந்து மாசத்தில் ஊருக்கே விளங்கிவிட்டது. ஏன் இப்படி, எதனால் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிறோம், யார் ஊற்றுகிறார்கள் என்று அண்ணாந்தா பார்க்கிறோம்?

ஊர் லேசுப்பட்டதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்துக் கமிட்டி கூடி, தாலி கட்டுவதற்கு முன்னால் ராவைத் திறந்தால் சமைத்த சாம்பார் பாழாகும் என்பதால், மறுவீட்டுச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்ட பிறகுதான் திறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கட்சிக்காரர்கள் தலைவரோடு நிற்கும்போது ஜேபெக் மட்டும் எடு தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். டீக்கடையில் ஒருத்தனைத் திட்ட வேண்டுமென்றால் "போடா, ஜேபெக்ல சிரிக்கிற பய" என்று திட்டினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பங்குதாரர்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்த படத்தின் ராவில் ஆறு பேருமே முதுகு காட்டி நிற்க, ஆகா, எல்லாரும் ஒரே மனசாக இருக்கிறார்களே என்று ஊர் மெச்சியது, இன்றைக்கும் அந்தக் கம்பெனிதான் சண்டையில்லாமல் ஓடுகிறது. பஞ்சர் கடை உலகம்மாள் தன் புருஷன் திரும்பி நிற்கும் ராவையே பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லி, சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டிவிட்டு, "முதுகாவது நம்ம வீட்ல இருக்கே, பிறகென்ன" என்றாள். முதலில் அழுத ஊர், பிறகு கேலி பேசிய ஊர், அப்புறம் அதையும் பழகிக்கொண்டு, முதுகு தெரிந்தவர்களோடு சோறு தின்று, முதுகு தெரிந்தவர்களோடு கோயிலுக்குப் போய், தெரியாத மாதிரியே பேசிக்கொண்டிருக்கப் படித்துக்கொண்டது. அதுதான் பெரிய வித்தை. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் அந்த வித்தை வரவில்லை, தனக்கு அது தேவைப்படும் என்று அவள் நினைக்கவுமில்லை.

ஏனென்றால் அவளுக்கு பிலோமினா இருந்தாள். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில் தொடங்கிய சிநேகம். இருபத்திரண்டு வயசில், ஸ்டுடியோ மாடி அறைக்குக் குடிவந்த அன்றைக்கு, சுண்ணாம்பு வாடை போகாத சுவரில் சாய்ந்துகொண்டு பிலோமினாதான் சொன்னாள், "எவனுக்கும் நாம சோறு பொங்க வேண்டாம் புஷ்பம், கடைசி வரைக்கும் நீயும் நானும்தான்" என்று. சொன்னவளுக்கு அது ஒரு சொல், கேட்டவளுக்கு அதுவே ஆயுசு. அண்ணன் விளாத்திகுளத்திலிருந்து நாலு தடவை மாப்பிள்ளை கொண்டுவந்தார், நாலு தடவையும் மாட்டேன் என்றாள். அண்ணன் பேச்சை நிறுத்தினார், அம்மா செத்ததற்குக்கூட அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. போகட்டும், பிலோ இருக்கிறாள் என்று இருந்தாள். பதினாறு வருசம். பிலோமினாவுக்கு ஜாக்கெட் லேபிள் எப்போதும் கழுத்துக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை உள்ளே தள்ளிவிடுவதுகூட தங்கபுஷ்பத்தின் கைதான்.

வேலையில் இரண்டு பேருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. காமிராவில் வைத்து எதையும் அழிக்கக்கூடாது. கண் மூடியிருந்தாலும், தலை வெட்டுப்பட்டிருந்தாலும், தரையைத் தவறி எடுத்திருந்தாலும் அப்படியே கொண்டுவர வேண்டும். கார்டைக் கொண்டுவந்து தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தால், அவள் வருசத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாசம், அதற்குள் வீட்டுப் பேர், அதற்குள் ரா தனி, ஜேபெக் தனி என்று பிரித்து, இரண்டு பக்கமும் நம்பர் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிய பிறகுதான் கார்டு திரும்பப் போகும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பம் கொடுத்ததும் ராவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இவள் ஒன்றைக்கூட எறிந்ததில்லை. "ஒரு நம்பர் குறைஞ்சாலும் எனக்கு உறக்கம் வராது" என்பாள்.

வருசத்துக்கு ஒரே ஒரு படம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொள்வார்கள். சரஸ்வதி பூஜை அன்று காமிராவுக்கும் லென்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பிலோமினா தன் பங்குக்கு ஒரு ஜெபமாலையையும் ட்ரைபாடில் மாட்டிவிட்டு, டைமர் வைத்து ஓடிவந்து பக்கத்தில் நிற்பாள். முதுகு வரத் தொடங்கிய பிறகு வந்த மூன்று பூஜைக்கும் தங்கபுஷ்பம் அந்த ராவைத் திறந்து பார்த்திருக்கிறாள், சந்தேகத்தால் அல்ல, சந்தோஷத்துக்காக. ஊரெல்லாம் திரும்பி நிற்கையில் இங்கே இரண்டு முகமும் நேராக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு கடலை மிட்டாயைக் கடித்தால் அன்றைய பொழுது நிறைந்துவிடும்.

நாலாவது பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமி காலையில், அவள் கார்டைப் போட்டுப் பிரித்தாள். ஜேபெக் பக்கம் நாற்பத்தாறு. ரா பக்கம் நாற்பத்தைந்து. திரும்ப எண்ணினாள். 7317 இருக்கிறது, 7319 இருக்கிறது, 7318-க்கு ஜேபெக் இருக்கிறது, ரா இல்லை. ஜேபெக்கைத் திறந்தாள். இரண்டு பேரும் சந்தனப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, 7318-க்கு ரா இல்லையே?"

முன்கடையில் பாஸ்போர்ட் போட்டோவை வெட்டிக்கொண்டிருந்த பிலோமினா திரும்பாமலே சொன்னாள், "கார்டு எரரா இருக்கும். பழைய கார்டுதான."

கார்டு கெட்டால் ஒரே ஒரு ஃபைலை மட்டும், அதுவும் பாதியை மட்டும், பொறுக்கி எடுத்தா தின்னும்? தங்கபுஷ்பம் ஜேபெக்கை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். பிலோமினாவுக்குத் தெரியாத தொழில் இல்லை, ஆனால் கணக்காய்ப் பிரிக்கிறவளின் புத்தி அவளுக்குப் பிடிபட்டதே இல்லை, இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து அழித்திருப்பாள், படமே பதியவில்லை என்று இவளும் நம்பித் தொலைத்திருப்பாள். படத்தில் தன் பக்கத்தில் புஷ்பம் சிரிப்பதை அழிக்க மனசு வராமல் ஜேபெக்கை விட்டுவிட்டாளோ என்னவோ. மாட்டிக்கொள்வதும் பாசத்தால்தான் போல.

கார்டில் அழித்தது உடனே செத்துவிடுவதில்லை, அதன்மேல் வேறு எழுதும்வரை உள்ளேதான் கிடக்கும், தேடி எடுக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு. எத்தனையோ வீட்டுக்கு, அழிந்துபோன படத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறாள். பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். ஊர் இருக்கிறதே அந்த மாதிரி. மனசு கேட்கவில்லை, தட்டிவிட்டாள். பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து நூறைத் தொட்டதும் 7318 எழுந்து வந்தது.

ராவுக்கே உரிய மங்கல் நிறத்தில், தங்கபுஷ்பம் நேராக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிலோமினா திரும்பி நின்றாள். தலையில் வைத்த பிச்சிப்பூ தெரிந்தது, முதுகின் நடுவே ஓடும் தையல் தெரிந்தது, ஜாக்கெட் லேபிள் கழுத்துக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பத்தின் கை தானாகப் போய்த் திரையில் அதை உள்ளே தள்ளப் பார்த்தது. விரல் கண்ணாடியில் இடித்ததும்தான், பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று அழுகை வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, பூ வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே இறங்கினாள். எங்கேயாவது போய் நிற்க வேண்டும் போலிருந்தது. மாதா கோயில் முக்கில் பூக்கட்டும் அமலோற்பவம் அக்கா இரண்டு முழம் அளந்து கொடுத்துக்கொண்டே, "கவலப்படாத புஷ்பம், மதுரை என்ன சீமையா, நெனச்சா பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றாள்.

"மதுரையா? யாருக்கா மதுரைக்குப் போறா?"

அமலோற்பவத்தின் கை நின்றுவிட்டது. "ஐயோ, உங்கிட்டச் சொல்லலையா? மூணாவது ஓலையும் போன ஞாயித்துக்கிழமை வாசிச்சாச்சே."

மாதா கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் மைக்கில் கேட்பார். மூன்று ஞாயிறு. மைக்கில். அந்தத் தெருவுக்கே கேட்கும். பூக்காரிக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், தினம் பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், நேற்று பூஜைக்கு வந்து பொரிகடலை வாங்கித் தின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரித்தார்களே என்று எண்ணிப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு ஒருத்தர்கூடவா என் பேரைச் சொல்லவில்லை? சொல்லுகிற மாதிரியான தடையா நான், எனக்கு என்ன பேர், நான் அவளுக்கு யார்? பூவை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பிலோமினா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரில் திறந்தபடி கிடந்த 7318-ஐ அவளும் பார்த்திருக்க வேண்டும், கத்தரிக்கோல் கீழே கிடந்தது.

"யாரு?" என்றாள் தங்கபுஷ்பம்.

"மதுரையில ஸ்டுடியோ வச்சிருக்காரு. மனைவி இறந்துட்டாங்க. ஆறு வயசுல ஒரு பொம்பளப்பிள்ளை." பிலோமினா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "அந்தப் பிள்ளை என்னை அம்மான்னு கூப்பிட்டிருச்சு புஷ்பம். எனக்கு அதைக் கேட்டுட்டு அங்க இருந்து எந்திரிக்க முடியல."

"எப்போ?"

"சித்திரையில."

"சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஆறு மாசம் எங்கூட ஒரே பாயில படுத்துக்கிட்டு, நான் ஊத்துன தோசையத் தின்னுக்கிட்டு, ஊரெல்லாம் மைக்கில சொல்லிட்டு, என்கிட்ட மட்டும் சொல்லல. அப்படித்தான?"

"உன் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்ல? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்துட்டேன்."

"போறது தப்புன்னு சொல்லல பிலோ. பிள்ளை ஆசை யாருக்குத்தான் இல்ல, எனக்கு இல்லன்னு நெனச்சியா? என்னையும் அன்னைக்கே விட்டிருந்தா நானும் எவன் கூடயாவது போயிருப்பேம்லா. நாலு பேரை வேண்டாம்னு சொன்னேனே, எதுக்குச் சொன்னேன்? உன் வாயை நம்பித்தான சொன்னேன்!" கம்ப்யூட்டரில் கிடந்த படத்தைக் கை காட்டினாள். "அதையும் பொறுத்துக்கிடுவேன். அழிச்ச பாரு, காமிராவுல வச்சு. பதினாறு வருசத்துல ஒரு படம் அழிச்சிருப்பமா ஏட்டி, நாம?"

பிலோமினா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். தங்கபுஷ்பம் தேற்றவில்லை. உள்ளே போய்ச் சோறு வடித்தாள். அன்று இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், தனித்தனியாக.

அப்புறம் பதினோரு நாள் பிலோமினா எதையும் மறைக்கவில்லை. போனில் அந்தப் பிள்ளையோடு சத்தமாகவே பேசினாள், கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து காட்டினாள், உன்னை விட்டுவிட்டுப் போவது ஒரு கையை வெட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று ராத்திரியும் பகலும் சொல்லிச் சொல்லி அழுதாள். மாசம் ஒருமுறை வருவேன், கிறிஸ்துமசுக்கு நீ வர வேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா நீதான் என்றாள். எல்லாம் நிஜம்தான் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சரிடி, வருகிறேன் என்றாள். பெட்டி கட்ட உதவினாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தாள். பதினாறு வருசத்துப் படங்களையும் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ரா தனி, ஜேபெக் தனி என்று ஏற்றி, ஜிப் வைத்த உறையில் போட்டுக் கையில் கொடுத்தாள். ஊர் பார்த்துவிட்டு, தங்கமான பிள்ளை, தங்கபுஷ்பம் என்று சும்மாவா பேர் வைத்தார்கள் என்றது. அவளுக்கே தான் என்ன செய்கிறோம் என்று ஏழெட்டு நாளுக்குப் பிறகுதான் விளங்கியது. பிலோமினா பேசிக்கொண்டிருக்கும்போது, அடுத்த மாசம் முன்கடையில் அவள் உட்காரும் ஸ்டூலை எடுத்துவிட்டு எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

புறப்படுகிற அன்று காலை பத்து மணிக்குக் கார் வந்து வாசலில் நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. பிலோமினா காமிராவைக் கையில் எடுத்தாள். காமிரா ஸ்டுடியோவுக்கே இருக்கட்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

"கடைசியா ஒரு படம் எடுத்துக்கிடுவோம் புஷ்பம்" என்றாள். ட்ரைபாடை நிறுத்தி, டைமரைப் போட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தாலும் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. "ரெண்டும் போடுதேன், ராவும் ஜேபெக்கும். இப்ப எங்கிட்ட மறைக்க எதுவும் இல்ல. நான் நேராத்தான் நிப்பேன், நீ திறந்து பாரு. அதைப் பாத்துட்டா உனக்கு மனசு ஆறிரும்."

தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள்.

"ரா வேண்டாம் பிலோ" என்றாள். "ஜேபெக் மட்டும் போடு."

பிலோமினாவின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது. ஏன் என்று கேட்க வாயைத் திறந்தாள். தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள், அது சாந்தமாக, பிரியமாக, வந்த விருந்தை வழியனுப்புகிற முகமாக இருந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். மெதுவாக ராவை அணைத்துவிட்டு, டைமரைத் தட்டிவிட்டு, ஓடாமல் நடந்துவந்து பக்கத்தில் நின்றாள்.

"சிரிட்டி" என்றாள் தங்கபுஷ்பம். இரண்டு பேரும் சிரித்தார்கள்.